நீதிமன்றத்துக்காகப் பிறந்த பெயர்கள்

தொடர் – பகுதி 9

சென்ற இதழில் 1851-ஆம் ஆண்டின் பிரஷ்யக் குற்றவியல் சட்டம் வரை வந்திருந்தோம். அதன் 143-ஆம் பிரிவு ஆணோடு ஆண் உறவுகொண்டால் ஆறு மாதம் முதல் நான்கு ஆண்டு வரை சிறை என்றது. குடிமகனுக்குரிய உரிமைகளும் பறிபோகும். மனிதர் விலங்கோடு கூடுவதையும் அதே பிரிவு, அதே வாக்கியத்தில் தண்டித்தது. பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்தச் சட்டத்தின் கண்ணில் பட்டது செயல் மட்டுமே. செய்தானா, இல்லையா என்று விசாரித்தார்கள். செய்தவன் எப்படிப்பட்டவன், அவனைப் போன்றவர்களுக்கு என்ன பெயர் என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் சட்டத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள். தங்களைத் தண்டிக்கக் கூடாது என்று வாதாட வேண்டுமானால் தாங்கள் யார் என்று முதலில் சொல்லியாக வேண்டியிருந்தது. இன்று உலகெங்கும் புழங்கும் பாலின, பாலீர்ப்புச் சொற்களில் பல இப்படி ஒரு தற்காப்பு வாதத்தின் உறுப்புகளாகப் பிறந்தவை. பெயர்களைப் பற்றி அன்று மூண்ட சண்டைகள் இவ்வளவு கடுமையாக இருந்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஒரு பெயரை ஏற்பது அதன் பின்னாலிருந்த வாதத்தையும் ஏற்பதாகும். அந்த வாதத்துக்குள் பொருந்தாதவருக்கு அந்தப் பெயரிலும் இடம் கிடைக்கவில்லை.

கதை ஹனோவர் இராச்சியத்தில் தொடங்குகிறது. கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் 1825-இல் அவ்ரிக் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். சட்டம் படித்து அரசுப் பணியில் சேர்ந்தார். ஹில்டஸ்ஹைம் நகரில் உதவி நீதிபதியாக இருந்தபோது அவருடைய உறவுகள் பற்றிய பேச்சு மேலிடத்தின் காதுக்கு எட்டியது. வேலையைவிட்டு நீக்குவதற்கு முன் 1854-இல் அவரே விலகிக்கொண்டார். அன்றைய ஹனோவர் சட்டம் பிரஷ்யச் சட்டத்தைவிட மென்மையானது. பொது இடத்தில் இழிவு நேர்ந்தாலொழியக் குற்றமில்லை. ஆனால் அரசு ஊழியருக்கு அவப்பெயர் ஒன்றே போதுமான தண்டனையாக இருந்தது.

1862-இன் பிற்பகுதியில் உல்ரிக்ஸ் தன் குடும்பத்தாருக்கு வரிசையாகச் சுற்றுக்கடிதங்கள் எழுதினார். அக்காள், மாமன்மார், உறவினர் கைமாற்றிப் படிக்க வேண்டிய கடிதங்கள் அவை. தான் ஆண்களைத்தான் நேசிக்கிறேன், இது பிறவியிலேயே அமைந்தது, கெட்ட பழக்கம் அன்று, வைராக்கியத்தால் மாற்றக்கூடியதும் அன்று என்று பொறுமையாக வாதிட்டிருக்கிறார். சின்ன வயதில் பெண்பிள்ளை உடையில் இருந்த மகிழ்ச்சியையும் அதைக் கழற்றி ஆண்பிள்ளை உடை மாட்டியபோது பட்ட துயரத்தையும் நினைவுகூர்கிறார். (அதே 1862-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் நம் நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்டம், அதன் 377-ஆம் பிரிவோடு, நடைமுறைக்கு வந்தது.) ஒரு மனிதன் தன் வீட்டாரிடம் இதைப் பேச அன்று ஜெர்மன் மொழியில் நல்ல சொல்லே கிடையாது. இருந்தவை பாவத்தின் பெயர்கள், குற்றத்தின் பெயர்கள், தெருவில் எறியப்படும் வசைகள். உல்ரிக்ஸ் புதிதாக ஒன்றை உருவாக்கினார்.

பிளேட்டோவின் 'சிம்போசியம்' நூலில் பௌசானியாஸ் என்பவர் இரண்டு அஃப்ரோடைட்டிகளைப் பற்றிப் பேசுவார். ஒருத்தி தாயில்லாமல் வானக்கடவுளான யுரேனஸிடமிருந்து பிறந்தவள், இன்னொருத்தி ஜீயஸுக்கும் டியோனேவுக்கும் பிறந்தவள். முன்னவளின் வழி ஆணை நாடும் காதல் என்பது அந்தப் பேச்சின் போக்கு. இதிலிருந்து ஆணை நேசிக்கும் ஆணுக்கு 'உர்னிங்' என்றும், பெண்ணை நேசிக்கும் ஆணுக்கு 'டியோனிங்' என்றும் உல்ரிக்ஸ் பெயரிட்டார். 1864-இல் நூமா நூமான்டியஸ் என்ற புனைபெயரில் வெளிவந்த சிறு நூல்களில் இந்தச் சொற்கள் அச்சேறின.

இதில் கவனிக்க வேண்டியது 'டியோனிங்' என்ற சொல். தங்களுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று பெரும்பான்மையினர் ஒருபோதும் நினைப்பதில்லை. தங்களை 'மனிதர்கள்' என்று சொல்லிக்கொண்டு மற்றவர்களுக்கு மட்டும் பெயர் வைப்பார்கள். உல்ரிக்ஸ் அதை ஏற்கவில்லை. இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி இருவருக்கும் பெயர் கொடுத்தார். அவர் செய்த காரியங்களிலேயே துணிச்சலானது இதுதான் என்பது என் கருத்து.

உர்னிங் ஏன் ஆணை நாடுகிறான் என்பதற்கு அவர் தந்த விளக்கம் லத்தீனில் ஒரு சூத்திரமாகவே அமைந்துவிட்டது. ஆணின் உடலுக்குள் அடைபட்ட பெண்ணின் ஆன்மா என்பது அதன் பொருள். கருவில் உடல் ஒரு வழியிலும் ஆன்மா வேறு வழியிலும் வளர்கிறது, ஆகவே ஆணை நேசிக்கும் ஆண் இயற்கைக்கு மாறாக நடப்பதில்லை, தன் இயற்கையின்படியே நடக்கிறான் என்பது அவர் வாதம். பிரஷ்யச் சட்டம் 'இயற்கைக்கு மாறான' என்ற அடைமொழியின்மேல் நின்றது. உல்ரிக்ஸ் அந்த அடைமொழியையே குறிவைத்தார். வழக்கறிஞரின் நுட்பம் இது.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன. நான் யாரை நேசிக்கிறேன் என்பது ஒன்று, நான் யார் என்பது மற்றொன்று. இன்று உல்ரிக்ஸைப் படிக்கும் ஒரு திருநங்கை, இது என்னைப் பற்றி எழுதியது என்று சொல்லக்கூடும். ஆணை நேசிக்கும் ஆண் ஒருவர், இதில் நான் எங்கே, எனக்குள் பெண் யாரும் இல்லையே என்று கேட்கக்கூடும். இருவர் வாசிப்பிலும் நியாயம் இருக்கிறது. உல்ரிக்ஸ் தன்னைத்தான் எழுதினார். அந்த 'தன்'னை இன்றைய எந்தச் சொல்லால் அழைப்பது என்று ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

அன்றே அந்த வழக்கு தொடங்கிவிட்டது. சிறு நூல்களைப் படித்தவர்கள் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். தங்களைப் போல் உலகில் வேறு யாரும் இல்லை என்று நம்பியிருந்தவர்கள் முதல்முறையாகத் தங்களுக்கு ஒரு பெயர் இருப்பதைக் கண்டார்கள். கண்ட கையோடு, இந்தப் பெயர் எனக்குச் சரியாகப் பொருந்தவில்லையே என்றும் எழுதினார்கள். உடல், நடை, குரல் எல்லாவற்றிலும் ஆண்மை மிக்க ஒருவர் ஆணை நேசிக்கிறார், அவருக்குள் எங்கே பெண் ஆன்மா? இன்னொருவர் இருபாலரையும் நேசிக்கிறார். வேறொருவர் மணம் முடித்துப் பிள்ளை பெற்று, டியோனிங்கைப் போலவே பழகிவிட்டவர்.

உல்ரிக்ஸ் இவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளவில்லை, தன் அட்டவணையை விரித்தார். ஆண்மை மிக்க உர்னிங்குக்கு 'மான்லிங்', பெண்மை மிக்கவருக்கு 'வைப்லிங்', இடையில் உள்ளவர்களுக்குத் தனி வகை, இருபாலரையும் நேசிப்பவருக்கு 'உரானோடியோனிங்' என்று பெயர்கள் பெருகின. படைமுகாமிலும் சிறையிலும் பெண் துணை இல்லாததால் ஆணை நாடும் டியோனிங்குக்கு 'உரானியாஸ்டர்'. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு 'உர்னிண்டே'. பிறப்பிலேயே உடற்கூறு இருபாலுக்கும் இடைப்பட்டவர்களுக்கும், அதாவது நாம் இன்று ஊடுபால் என்போருக்கும், தனி இடம் ஒதுக்கினார். இரண்டே பெயரில் தொடங்கிய அட்டவணை ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கிளை விட்டது. பெண்களைப் பற்றி மட்டும் அவர் சொன்னது சொற்பம். ஆணுக்குச் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிப் பெண்ணுக்குப் பொருத்திவிட்டார். அவருடைய வழக்கில் பெண்கள் கட்சிக்காரர்களாக இல்லை, பிரஷ்யச் சட்டம் அவர்களைக் குறிப்பிடவில்லை அல்லவா.

இத்தனை பெயர்கள் எதற்கு என்று இன்று சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்கிறேன். 1860-களிலேயே பெயர்கள் பெருகியதற்குக் காரணம் மனிதர்களின் பகட்டு அன்று. ஒரே பெயருக்குள் அடங்காத மனிதர்கள் எழுதிய கடிதங்கள்தான் காரணம்.

1866-இல் பிரஷ்யா ஹனோவரை விழுங்கியது. தன் நாடு இணைக்கப்பட்டதை உல்ரிக்ஸ் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். 1867-இல் இருமுறை கைதாகி மின்டன் கோட்டையில் அடைபட்டார். அவர் வீட்டைச் சோதித்த காவலர்கள் கையெழுத்துப் படிகளை அள்ளிச் சென்றனர். 143-ஆம் பிரிவும் பிரஷ்ய ஆட்சியோடு ஹனோவருக்குள் வந்து சேர்ந்தது. நேற்றுவரை குற்றவாளி அல்லாதவர்கள் ஆட்சி மாறியதால் குற்றவாளிகளானார்கள்.

விடுதலையானதும் அவர் நேரே மியூனிக்கில் ஜெர்மன் சட்ட வல்லுநர்களின் மாநாட்டுக்குப் போனார். ஆகஸ்ட் 29, 1867. ஓடியோன் அரங்கில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சட்டத்தார் கூடியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கொடுத்த தீர்மானத்தை மாநாட்டுக் குழு பேசத் தகாதது என்று ஒதுக்கியிருந்தது. அதை எதிர்த்து அவர் மேடையேறினார். எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வகை மனிதர்கள் ஜெர்மன் மண்ணில் தண்டிக்கப்படுகிறார்கள் என்று தொடங்கியதுமே நிறுத்து என்ற கூச்சல் எழுந்தது, மறுபக்கம் தொடரச் சொல்லும் குரல்களும் கேட்டன. தலைமை வகித்தவர் மீதியை லத்தீனில் சொல்லும்படி கேட்டார். உல்ரிக்ஸ் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். மறு ஆண்டு வெளியிட்ட நூலில் புனைபெயரை விட்டுத் தன் சொந்தப் பெயரை அச்சிட்டார்.

இந்த நேரத்தில்தான் கார்ல் மரியா கெர்ட்பெனி கதைக்குள் வருகிறார். 1824-இல் வியன்னாவில் பென்கர்ட் என்ற குடும்பப்பெயரோடு பிறந்து, ஹங்கேரியில் வளர்ந்து, ஹங்கேரியப் பற்றால் பெயரையே மாற்றிக்கொண்டவர். பெத்தோஃபி முதலான ஹங்கேரியக் கவிஞர்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர், ஓயாத பயணி, எப்போதும் கடனாளி. இளமையில் புத்தகக்கடையில் தொழில் பழகியபோது அவருடைய நண்பர் ஒருவர் மிரட்டிப் பணம் பறிப்பவன் கையில் சிக்கி உயிரை மாய்த்துக்கொண்டதாகவும், அதுவே தன்னை இந்த வழக்குக்குள் இழுத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். சிறைக்குப் போனவர்களைவிட அதிகமானோரை அந்தச் சட்டம் இப்படி மறைமுகமாகவே சிதைத்தது. தெரிந்துகொண்டவன் எவனும் வாழ்நாள் முழுக்கப் பணம் கறக்கலாம்.

மே 6, 1868 தேதியிட்டு உல்ரிக்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தின் வரைவு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் நான்கு புதுச் சொற்கள் உள்ளன. 'ஹோமோசெக்சுவல்', 'ஹெட்டரோசெக்சுவல்' என்ற இரண்டும் முதன்முதலாக எழுத்தில் தோன்றுவது அந்தத் தாளில்தான். தனக்குத் தானே இன்பம் காண்பவருக்கும் விலங்கை நாடுபவருக்கும் வைத்த மற்ற இரண்டும் அவரோடு போயின.

வெறும் பெயர் மாற்றம் அன்று இது. உல்ரிக்ஸின் வாதத்தையே கெர்ட்பெனி மறுத்தார். பிறவியிலேயே அமைந்தது என்று நிரூபிப்பதை அவர் இருபுறமும் கூரான ஆயுதமாகக் கண்டார். இன்று உன்னைக் காக்கும், நாளை உன்னையே குத்தும். கொலைவெறியோடு பிறந்தவன் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் அவனை அரசு விட்டுவிடுமா? ஆகவே பிறவியா பழக்கமா என்ற ஆராய்ச்சியே வேண்டாம் என்றார். முதிர்ந்த இருவர் மனமொத்து, தனிமையில், மூன்றாமவர் எவருடைய உரிமையையும் தொடாமல் செய்வதில் நுழைய அரசுக்கு என்ன அதிகாரம் என்று மட்டும் கேட்க வேண்டும் என்பது அவர் நிலை. அவருடைய சொல்லில் ஆன்மா இல்லை, கருவளர்ச்சி இல்லை, பெண்மை பற்றிய பேச்சும் இல்லை. யாரை நோக்கி ஈர்ப்பு என்பது மட்டும் இருந்தது.

உர்னிங் என்ற சொல் இந்த மனிதன் இப்படிப்பட்டவன் என்றது. கெர்ட்பெனியின் சொல் இந்த ஈர்ப்பு இந்தத் திசையில் போகிறது என்றதோடு நின்றது. ஒரே சட்டத்தை ஒழிக்க எழுந்த இருவர், கடைசிவரை அவரவர் சொல்லிலேயே நின்றார்கள். எனக்குக் கெர்ட்பெனியின் வாதமே வலுவானது என்று படுகிறது. ஆனால் தனிமையில் தவித்த ஓர் இளைஞனுக்கு எது ஆறுதல் தந்திருக்கும் என்றால், உரிமை பற்றிய தர்க்கத்தைவிட, நீ இப்படியே படைக்கப்பட்டவன் என்ற உல்ரிக்ஸின் சொல்தான். அந்த ஆறுதலைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

கெர்ட்பெனி தன்னை 'நார்மல்செக்சுவல்' என்றே குறிப்பிட்டார். அவருடைய நாட்குறிப்புகளைப் படித்தவர்கள் இதில் ஐயம் கொள்கிறார்கள். மறைந்தவருக்கு நாம் பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் தனக்குச் சொல்லிக்கொண்டதை மாற்ற மனம் வரவில்லை.

1869-இல் பிரஷ்ய நீதி அமைச்சருக்கு எழுதிய திறந்த மடல்களாக இரண்டு துண்டுநூல்களைக் கெர்ட்பெனி லைப்சிக்கில் வெளியிட்டார். ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல் அச்சில் வந்தது அப்போதுதான். அதே ஆண்டு மார்ச்சில், ருடால்ஃப் ஃபிர்கோ போன்ற பெரும் மருத்துவர்கள் இடம்பெற்ற பிரஷ்ய மருத்துவ அறிஞர் குழு இந்தச் செயலைத் தண்டிக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்று அரசுக்குத் தெரிவித்தது. அரசோ, மக்களின் நீதியுணர்வு இதைக் குற்றமாகக் கருதுகிறது என்று சொல்லிப் பிரிவைத் தக்கவைத்தது. 1871-இல் ஜெர்மனி ஒரே பேரரசானபோது அது 175-ஆம் பிரிவாக எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. 1813 முதல் இதைக் குற்றமாகக் கருதாதிருந்த பவேரியாவும் தப்பவில்லை.

சட்டத்தின் வாசல் மூடியதும் பெயர்கள் மருத்துவத்தின் கைக்குப் போயின. பெர்லின் ஷரிட்டே மருத்துவமனையின் கார்ல் வெஸ்ட்ஃபால் 1869-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். அதில் இருவர். ஒருவர் பெண்களை நேசித்த இளம்பெண், மற்றவர் பெண்ணுடையில் திரிந்து கைதான ஆண். இந்த இருவருக்கும் 'முரண்பட்ட பாலுணர்வு' என்ற ஒரே நோய்ப்பெயரை அவர் சூட்டினார். ஒருவரின் ஈர்ப்பும் இன்னொருவரின் உடையும் ஒரே நோயின் இரு குறிகளாயின. உல்ரிக்ஸ் காதலோடு சேர்த்துக் கட்டிய முடிச்சை வெஸ்ட்ஃபால் நோயாக இறுக்கினார்.

கெர்ட்பெனியின் சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் வேதனையானது. ஸ்டுட்கார்ட் விலங்கியலாளர் குஸ்டாவ் யேகர் 1880-இல் தன் நூலின் மறுபதிப்பில் அதை எடுத்தாண்டார். அங்கிருந்து அது மனநல மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் கிராஃப்ட்-எபிங்கிடம் சென்றது. 1886-இல் முதலில் வெளிவந்து, பதிப்புக்குப் பதிப்பு தடித்துக்கொண்டே போன அவருடைய 'சைக்கோபாதியா செக்சுவாலிஸ்' என்ற நூல்தான் அந்தச் சொல்லை உலகறியச் செய்தது. மருத்துவமே வேண்டாம், உரிமையைப் பேசு என்று சொன்னவரின் சொல், நோய்களின் பட்டியலில் ஏறி நாடு நாடாகப் போயிற்று. உல்ரிக்ஸ் தன் நூல்களைக் கிராஃப்ட்-எபிங்குக்கு முன்பே அனுப்பியிருந்தார். இந்தத் துறைக்குள் தன்னை வரவழைத்தவையே அவைதான் என்று கிராஃப்ட்-எபிங் 1879-இல் அவருக்கு எழுதினார். பெயரிட்டவர்கள் இருவருக்கும் பெயரின்மேல் உரிமை மிஞ்சவில்லை. கெர்ட்பெனி 1882-இல் புடாபெஸ்டில் இறந்தார். 1880-இல் ஜெர்மனியைவிட்டு நீங்கிய உல்ரிக்ஸ், இத்தாலியின் அக்விலா நகரில் லத்தீன் இதழ் ஒன்றை நடத்தியபடி வாழ்ந்து 1895-இல் மறைந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1897 மே மாதம், பெர்லினை ஒட்டிய ஷார்லோட்டன்பர்க்கில் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற இளம் மருத்துவரின் வீட்டில் 'அறிவியல்-மனிதநேயக் குழு' தொடங்கியது. 175-ஆம் பிரிவை நீக்கக் கோரி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்புவது அதன் முதல் வேலை. 1898 ஜனவரியில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பேபெல் அவையில் அதற்காகப் பேசினார். ஹிர்ஷ்ஃபெல்ட் உல்ரிக்ஸின் நூல்களை மறுபதிப்பு செய்தார், அவருடைய வாதத்தையும் சுவீகரித்தார். முழு ஆண், முழுப் பெண் என்பவை இரு கோடிகள், மனிதர் அனைவரும் இடையில் வெவ்வேறு படிகளில் நிற்கிறார்கள் என்பது அவர் கொள்கை. மக்களிடம் பேசும்போது இதையே 'மூன்றாம் பாலினம்' என்று எளிமையாக்கினார். 1901-இல் பொதுமக்களுக்கான துண்டுநூல், 1904-இல் 'பெர்லினின் மூன்றாம் பாலினம்' என்ற நூல் எல்லாம் அந்தப் பெயரோடு வந்தன.

இந்தப் பெயரைக் கேட்டுக் கொதித்தவர்கள் சட்டத்தின் ஆதரவாளர்கள் மட்டும் அல்லர். அடோல்ஃப் பிராண்ட் 1896 முதல் 'டேர் ஐகெனெ' என்ற இதழை நடத்திவந்தார். அரசையே ஏற்காத அராஜகவாதி. உயிரியல் அறிஞர் பெனெடிக்ட் ஃப்ரீட்லேண்டர் உள்ளிட்டோரோடு 1903-இல் தனிச் சங்கமும் தொடங்கினார். நாங்கள் மூன்றாம் பாலினம் இல்லை, ஆண்கள், கிரேக்க வீரர்களிடம் இருந்ததுபோன்ற ஆண் நட்பு எல்லா ஆண்களிடமும் ஓரளவு உண்டு, அதைத் தனி இனமாகப் பிரித்து மருத்துவர் கையில் கொடுக்காதே என்றார்கள். 'நட்புக்காதல்' என்பதே அவர்கள் விரும்பிய பெயர். மருத்துவர்களிடம் துயரோடு வருபவர்களை மட்டும் வைத்து எல்லோரையும் வரையறுக்க முடியாது என்று ஃப்ரீட்லேண்டர் சொன்னதில் உண்மை இருந்தது. அந்தக் கண்டனத்துக்கு ஹிர்ஷ்ஃபெல்டிடம் நேரான பதில் இல்லை.

ஆனால் பிராண்டின் கூட்டத்தை வெறும் விடுதலைக் குரலாக வாசிக்க முடியாது. பெண்மை என்ற சொல்லே அவர்களுக்கு வசையாக ஒலித்தது. மென்மையான நடையுடைய ஆண்கள், பெண்ணுடை அணிந்தவர்கள் ஆகியோரோடு தங்களைச் சேர்த்துப் பேசியதுதான் அவர்களுக்கு மானக்கேடு. பெண்கள் பண்பாட்டைப் பலவீனப்படுத்துகிறார்கள் என்று எழுதியவர்களும் அங்கே இருந்தார்கள். பெயரை மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த மறுப்பை, தங்களைவிட எளிதில் அடையாளம் காணப்பட்டு அடிபட்டவர்களின் தலையில் ஏறி நின்று செய்தார்கள். அதை மன்னிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

பெண்களின் நிலையை 1904 அக்டோபரில் ஒருவர் கேள்வியாக்கினார். ஹிர்ஷ்ஃபெல்டின் குழு நடத்திய கூட்டத்தில் அன்னா ரூலிங் என்ற பெயரில் பேசிய பத்திரிகையாளர் அவர். பெண் விடுதலை இயக்கத்துக்கு இத்தனை உழைத்தவர்களில் பெண்ணை நேசிக்கும் பெண்கள் எத்தனை பேர், அந்த இயக்கம் ஏன் அவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று கேட்டார். சட்டம் பெண்களைத் தண்டிக்காததால் அவர்களுக்கு வழக்கும் இல்லை, பெயரும் இல்லை என்ற நிலை நீடித்தது. 1909-இல் சட்டத் திருத்த வரைவு பெண்களையும் தண்டிக்க முன்வந்தபோதுதான் ஹெலேனெ ஷ்டோக்கர் போன்ற பெண்ணியர்கள் வெளிப்படையாக இந்த வழக்கில் இறங்கினார்கள்.

1906-07-இல் ஃப்ரீட்லேண்டர் தன் ஆதரவாளர்களோடு ஹிர்ஷ்ஃபெல்டின் குழுவை உடைத்துக்கொண்டு வெளியேறினார். அந்தப் பிளவின் காயம் ஆறுமுன் ஒரு பெரிய வழக்கு வந்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் நெருங்கிய வட்டத்தில் தன்பாலீர்ப்பு உடையவர்கள் இருப்பதாகச் சாடி மாக்ஸிமிலியான் ஹார்டன் தன் 'டி ட்ஸுகுன்ஃப்ட்' இதழில் எழுதிவந்தார். பெர்லின் நகரப் படைத்தலைவர் குனோ ஃபான் மோல்ட்கெ அவர்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1907 அக்டோபரில் விசாரணை. ஹிர்ஷ்ஃபெல்ட் மருத்துவ வல்லுநராகக் கூண்டேறினார். மோல்ட்கெயை விவாகரத்து செய்த மனைவியின் சாட்சியத்தைக் கேட்டு, மோல்ட்கெயை நீதிமன்றத்தில் பார்த்து, இவர் தன்பாலீர்ப்பு உடையவர், ஆனால் எந்தச் செயலும் நிரூபிக்கப்படவில்லை என்று சான்றளித்தார்.

ஹிர்ஷ்ஃபெல்டின் நோக்கம் புரிகிறது. செயல் வேறு, இயல்பு வேறு, இந்த இயல்பு அரண்மனையிலும் உண்டு, அதில் குற்றமில்லை என்று பேரரசின் முன் நிலைநாட்ட நினைத்தார். ஆனால் அவர் அதைச் செய்தது, தனக்கு அந்தப் பெயரே வேண்டாம் என்று மறுத்து வழக்குப் போட்ட ஒருவரின் நெற்றியில் அதை எழுதி. காக்கப் பிறந்த பெயர் அன்று ஒரு மனிதனை வீழ்த்தப் பயன்பட்டது. ஹார்டன் விடுதலையானார். தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணை நடந்தபோது முன்னாள் மனைவியின் சாட்சியம் நம்பத்தகாதது என்று ஆயிற்று, ஹிர்ஷ்ஃபெல்டும் தன் கருத்திலிருந்து பின்வாங்கினார். 1908 ஜனவரியில் ஹார்டனுக்கு நான்கு மாதச் சிறை. இதற்கிடையில் பிரதமர் பியூலோ மேல் இதே குற்றச்சாட்டை அச்சிட்ட அடோல்ஃப் பிராண்ட் பதினெட்டு மாதச் சிறை பெற்றார். பகைவர்களான இரு கூட்டத்தாரும் ஒரே தவறைச் செய்தார்கள். பெயரை மறுத்தவர்மேல் பெயரைத் திணிப்பது நியாயம் என்று நம்பினார்கள். ஹிர்ஷ்ஃபெல்டின் குழுவுக்குப் பணம் தந்துவந்தவர்கள், நாளை நம்மையும் கூண்டில் நின்று அடையாளம் காட்டுவாரோ என்று அஞ்சி விலகினார்கள். நன்கொடை வற்றியது. மனுக்கள் தேங்கின.

இந்த அடிக்குப் பிறகு 1910-இல் ஹிர்ஷ்ஃபெல்ட் எழுதிய நூல்தான் அவருடைய சிந்தனையிலேயே பெரிய திருப்பம். 'டி டிரான்ஸ்வெஸ்டிட்டன்' என்பது அதன் பெயர். பதினேழு பேரின் வாழ்க்கையை விரிவாகக் கேட்டு எழுதினார். பிறப்பால் ஆணாகக் கருதப்பட்டு, பெண்ணாக உடுத்தி, பெண்ணாக வாழ விரும்பியவர்கள் பதினாறு பேர், மறுதிசையில் ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் நேசித்தது பெண்களைத்தான். மணமாகிப் பிள்ளைகள் பெற்றவர்கள் இருந்தார்கள். உல்ரிக்ஸ் முடிந்து, வெஸ்ட்ஃபால் இறுக்கிய முடிச்சை ஹிர்ஷ்ஃபெல்ட் இங்கேதான் அவிழ்த்தார். யாரை நேசிக்கிறோம் என்பதும் நாம் யார் என்பதும் வேறுவேறு, ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது என்று ஒரு மருத்துவ நூல் இவ்வளவு விரிவாக நிறுவியதாக இதற்கு முன் எனக்குத் தெரிந்து வேறில்லை. வாழ்ந்தவர்கள் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியதால்தான் அது அவருக்குப் புலப்பட்டது.

பெயர் மட்டும் மறுபடியும் சிக்கலானது. லத்தீனில் உடை மாற்றம் என்று பொருள்படும் சொல்லை அவர் தேர்ந்தார். உடை வெளித்தோற்றம் மட்டுமே, உள்ளே இருப்பதை அது முழுதும் சொல்லவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் பாலியல் ஆய்வாளர் ஹேவ்லாக் எல்லிஸ் அதை ஏற்க மறுத்து 1913-இல் வேறொரு பெயரை முன்வைத்தார். அதிலும் நிறைவின்றி, பெண்ணாகப் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சுத் தூதர் ஷெவலியே தேயோனின் பெயரால் 'இயோனிசம்' என்று மாற்றினார். 1928-இல் அந்தத் தலைப்பில் ஒரு தொகுதியே வந்தது. அதற்குள் பெர்லினில் அந்த மனிதர்களே இதழ்களும் சங்கங்களும் நடத்தத் தொடங்கி, மருத்துவர்கள் தந்த பெயர்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பெண்ணுடையில் தெருவில் நடக்க பெர்லின் காவல்துறை தந்த அனுமதிச் சீட்டையும், 1919-இல் திறந்த ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் அறிவியல் நிறுவனத்தையும், 1931-இல் அவர் இந்தியாவுக்கு வந்த பயணத்தையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)